வீட்டுக்கு வந்து வழிகாட்டும் பெற்றோர் ஆதரவுச் சேவை: 6 மாத அனுபவம்

மகள் பிறந்த இரண்டாவது மாதத்திலிருந்து 6 மாத காலம் நாங்கள் பயன்படுத்திய இந்தச் சேவையில், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இரு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, குழந்தையை மட்டுமன்றி அதை வளர்ப்பவர்களையும் கவனித்தார். முதல் நாளில் அவர் எதையும் கற்பிக்கவில்லை. நான் மகளுக்கு உடை மாற்றுவதைப் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, அவள் எழுப்பிய சிறு ஒலிக்கு நான் என்னையறியாமல் மறுமொழி சொன்னதைச் சுட்டிக்காட்டி, மூளை வளர்ச்சிக்குத் துணைநிற்பது இத்தகைய கொடுக்கல் வாங்கல்தான் என்று விளக்கினார். தூக்கமின்றித் தளர்ந்து, எல்லாவற்றையும் தவறாகவே செய்கிறேன் என்று நம்பியிருந்த எனக்கு அந்தச் சொல்லே மருந்தாக இருந்தது.

இளங்குழந்தைகளின் வளர்ச்சி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தையின் குறிப்பறிந்து பராமரித்தல், தொடக்கக் கற்றல் ஆகியவற்றோடு தாயின் மனநலத்தையும் சேர்த்தே பேசுகிறது. அதை ஏட்டளவில் விட்டுவிடாமல், ஒவ்வொரு வருகையிலும் ஆலோசகர் என் உறக்கத்தையும் மனநிலையையும் தனியே விசாரித்தார். விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கச் சொல்லாமல், கிண்ணம், கரண்டி, துணி ஆகியவற்றைக் கொண்டே விளையாடக் காட்டியதும் பாராட்டத்தக்கது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. வருகைகள் அனைத்தும் பகல் வேளையிலேயே அமைந்ததால், வேலைக்குச் செல்லும் என் கணவரால் ஒருமுறைகூடப் பங்கேற்க முடியவில்லை. குழந்தை வளர்ப்பு தாயின் பொறுப்பு மட்டுமே என்ற எண்ணத்துக்கு இது இடங்கொடுக்கிறது. மாலை நேர வருகை கேட்டு இருமுறை எழுதியும் பதில் வரவில்லை. முதல் குழந்தையை வளர்ப்பவர்களுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்; ஆனால் சேரும்முன் வருகை நேரத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.