டிரோம்சோ – லாங்யியர்பியன்: விமான தூரக் கணிப்பான்களை எதுவரை நம்பலாம்?

நார்வேயின் டிரோம்சோவிலிருந்து ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் லாங்யியர்பியனுக்கு எவ்வளவு தூரம் என்று இணையக் கணிப்பான்களில் தட்டிப் பார்த்தால், ஒன்று 958 கி.மீ. என்கிறது, இன்னொன்று 961 என்கிறது. இரண்டும் சரிதான். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக வைத்தால் முதல் விடை வரும். துருவங்களில் தட்டையான அதன் உண்மை வடிவத்தை எடுத்தால், வடக்கே போகப் போக ஒரு பாகை அட்சரேகை சற்று நீளும். அதனால் மூன்று கி.மீ. கூடுகிறது. கணிப்பான் இல்லாமல் திரையில் உள்ள வரைபடத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் வழக்கமான மெர்கேட்டர் வரைபடம் பூமத்திய ரேகையோடு ஒப்பிட்டால் டிரோம்சோவை ஏறத்தாழ 2.9 மடங்கும் லாங்யியர்பியனை 4.9 மடங்கும் இழுத்துக் காட்டும்.

பயண நேரத்தையும் கணிப்பான்கள் நன்றாகவே சொல்கின்றன. மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் 1 மணி 9 நிமிடம். ஏற, இறங்க, தரையில் ஊர அரை மணி. ஆக, சுமார் 1 மணி 40 நிமிடம். கால அட்டவணையும் ஏறத்தாழ இதுதான். இரு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் நேர மாற்றக் குழப்பமும் இல்லை.

ஆனால் இந்த எண்ணை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது ஆபத்து. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லைக்கு, வெளியே இருக்கிறது. உள்நாட்டு விமானம் போலத் தோன்றினாலும் பாஸ்போர்ட் சோதனை உண்டு. ஓஸ்லோவிலிருந்து டிரோம்சோவில் நின்று போகும் விமானம் என்றால், கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவோடு கிளம்பவே கூடாது. லாங்யியர்பியன் போனதும் அந்த ஒரு நுழைவு தீர்ந்துவிடும், திரும்பி வர வழியில்லை. இரட்டை அல்லது பல நுழைவு விசா கட்டாயம். தூரத்தையும் நேரத்தையும் காட்டும் பக்கத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

அடுத்தது வானிலை. 1975-இல் திறக்கப்பட்ட லாங்யியர்பியன் விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதை, 2,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணின் மேல் போட்டது. பக்கக் காற்றோ மூடுபனியோ வந்துவிட்டால் அருகில் இறங்க இடமில்லை. ஸ்வால்பார்டின் இன்னொரு சிற்றூரான நை-ஓலசுண்டில் இருப்பது சுமார் 800 மீட்டர் சரளைப் பாதை; சிறு விமானங்களுக்கு மட்டும் போதும். அதனால் பெரிய விமானம் போக, வட்டமிட, நிலப்பகுதிக்குத் திரும்ப என எல்லாவற்றுக்கும் எரிபொருள் சுமந்தே கிளம்புகிறது. இறங்க முடியாவிட்டால், போகவர மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, கிளம்பிய டிரோம்சோவிலேயே இறங்க நேரிடும். எந்தக் கணிப்பானும் இந்தத் திரும்பும் தூரத்தைக் காட்டுவதில்லை.

ஆகவே தூரத்துக்கு முழு மதிப்பெண், திட்டமிடலுக்குப் பாதி கூடக் கிடையாது. ஓஸ்லோவிலிருந்து லாங்யியர்பியன் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் டிரோம்சோவில் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். திரும்பும்போது சர்வதேச விமானத்துக்கு முன் ஓர் இரவை ஓஸ்லோவில் வைத்துக்கொள்ளுங்கள். லாங்யியர்பியனில் இறங்கியதும் வாடகைக் காரைத் தேட வேண்டாம். விமானம் வரும் நேரத்துக்கு ஒரு பேருந்து காத்திருக்கும், விடுதிகளின் வாசலிலேயே இறக்கிவிடும். போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால், வானம் தெளிந்த நாளில், பாதி வழியில் கரடித் தீவு தெரியும்.