ஈரல் புற்றுநோய்க் கூட்டுச் சிகிச்சை: குளிசை, கதிர், மரபணு

இந்த மூன்றில் குளிசையையும் கதிரையும்தான் இன்று நம்பிக் கேட்கலாம். மரபணுச் சிகிச்சை ஈரல் புற்றுநோய்க்கு இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. அதற்காகக் காணியை விற்றாவது வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போகவேண்டாம்.

மரபணுவின் யோசனை நல்லது. தைமிடின் கைனேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணுவை அடினோ என்ற வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் ஊசியால் செலுத்துவார்கள். பிறகு கொடுக்கும் கன்சைக்ளோவிர் என்ற மருந்து, அந்த மரபணு புகுந்த கலத்துக்குள் நஞ்சாக மாறி அயல் கலங்களையும் கொல்லும். கதிரும் சேர்ந்தால் அறுந்த டிஎன்ஏயைத் திருத்தமுடியாமல் கலம் சாகும். ஆனால் ஊசி போன இடத்தைத் தாண்டி வைரஸ் அதிகம் பரவாது. ஈரலில் நாலைந்து கட்டி இருந்தால் என்ன செய்வது? புற்றுக் கலங்களை அழிக்க மாற்றியமைத்த பெக்சா-வெக் என்ற வைரஸைச் சோராஃபெனிப் என்ற புற்றுநோய்க் குளிசையுடன் சேர்த்துப் பார்த்த பெரிய பரிசோதனை, பலன் தெரியாததால் 2019இல் நிறுத்தப்பட்டது.

கதிரின் கணக்கு இதைவிடத் தெளிவு. கட்டியைக் குறிவைத்து 5 தடவையில் 27.5 முதல் 50 கிரே (கதிரின் அளவு) வரை கொடுத்து, பிறகு சோராஃபெனிப் தொடங்கியவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 15.8 மாதம், குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு 12.3. ஒழுங்கு முக்கியம்: கதிர் முதலில், குளிசை பிறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குடல் புண்ணாகும் ஆபத்து கூடும். மூச்சோடு ஈரல் அசைவதால் வயிற்றை அழுத்திப் பிடித்தோ மூச்சை அடக்கச் சொல்லியோ குறிவைப்பார்கள். ஈரல் சுருங்கி மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ இருந்தால் பெரும்பாலும் மறுப்பார்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகுமுன் இந்த முறை அங்கே உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள். தங்க இடமும் பாருங்கள்.

சோராஃபெனிப் 200 மில்லிகிராம் குளிசை. முழு அளவு காலை இரண்டு, மாலை இரண்டு. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 1 மணி முன்போ 2 மணி பின்போ. தேங்காய்ப்பால் சொதியோடு இடியப்பம் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து குறைவாகவே உடம்பில் சேரும். ஒருவேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக்கூடாது.

வன்னியில் அதிகம் வதைக்கக்கூடியது கைகால் தோல் எரிவு. முதல் சில வாரங்களிலேயே உள்ளங்கால் சிவந்து கொப்பளிக்கும். வரம்பிலும் சுடுமணலிலும் வெறுங்காலோடு நடப்பவருக்கு அது பெரிய தண்டனை. தொடங்கும் நாளிலிருந்தே 10 வீத யூரியா கிறீம், தடித்த காலுறை, மெத்தென்ற செருப்பு. மண்வெட்டி பிடிக்கும் வேலை வேண்டாம். கொப்பளம் போட்டால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். முதல் 6 வாரம் வாராவாரம் பிரஷர் பார்க்கவேண்டும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பு, சீனி கலந்த தூள்) கரைத்துக் குடித்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

வசதியுள்ள இடங்களில் இப்போது முதல் தெரிவுகளில் ஒன்று அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகள், 3 வாரத்துக்கு ஒருமுறை. அதற்குமுன் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய்க் கமரா விட்டுப் பார்ப்பது) செய்து உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காவிட்டால் இரத்தவாந்தி வரலாம். அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.