தாவும் நாய்க்கு முதுகைத் திருப்புவதா, உட்காரப் பழக்குவதா?

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில், முகப்பில் ஆள் நுழைந்ததுமே பாய்ந்து தாவும் நாயைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு: ஒன்று, தாவும்போது கவனிக்காமல் முதுகைத் திருப்பி நிற்பது; மற்றது, தாவுவதற்குப் பதிலாக உட்காரப் பழக்குவது.

செலவு: முதுகைத் திருப்பி நிற்பதற்குக் காசு வேண்டாம், உட்காரப் பழக்குவதற்கு அவித்த கோழித் துண்டுகள் வேண்டும்.

எளிமை: முதல் வழியில் வீட்டாரும் விருந்தினரும் ஒன்றுபோல நடக்க வேண்டும், ஒருவர் கொஞ்சிவிட்டாலும், எப்போதாவது கிடைக்கும் அந்தக் கவனிப்பே தாவலை உறுதியாக்கிவிடும். தொடக்கத்தில் தாவல் கூடவும் செய்யும்.

நிலைப்பு: உட்கார்ந்திருக்கும் நாய் அதே நேரத்தில் தாவ முடியாது என்பதால், இரண்டாவதே நீடிக்கும்.

வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல் தளத்தில் வயதான ஆச்சிமார் நடமாடும் வீட்டுக்கு, பழகும்வரை கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்காரப் பழக்குவதையே நான் வலியுறுத்துவேன். முழங்காலால் இடிப்பது எவ்வழியிலும் கூடாது. ஓரிருவரே உள்ள வீட்டில் வளரும் குட்டிக்கு முதல் வழி போதும்.