தாராவியில் போன் வழி நர்ஸ் சிகிச்சை: சில வருட அனுபவம்

என் மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு உள்பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன கிளினிக்கில்தான் பார்க்கிறோம். முழு நேரமும் அதை நடத்துபவர்கள் நர்ஸ்கள். டாக்டர் வாரத்தில் சில நாள் வந்து போவார். 2020 ஊரடங்கில் தாராவியில் பல தெருக்களைத் தடுப்பு வைத்து அடைத்தபோது இவர்கள் போனில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. இன்றைக்கும் மாதம் ஒரு தடவை நேரில் போகிறோம், மற்ற வாரங்களில் போன்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நம் வீட்டை நேரில் வந்து பார்த்த அதே நர்ஸ் போனிலும் பேச வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டவர், “சாப்பிட்டாச்சாம்மா?” என்று கேட்கவில்லை. “இன்னைக்கு விரதம் இருக்கீங்களாம்மா, காலை மாத்திரை போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். அத்தை விரதம்தான், மாத்திரையும் போட்டிருந்தார். சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்குகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டுவிட்டு, லைனிலேயே இருந்து தண்ணீரில் சர்க்கரை கலந்து குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொன்னார். அப்புறம் டாக்டரிடம் பேசி, விரத நாளில் என்ன செய்வது என்று தனியாக எழுதி வாங்கித் தந்தார். எங்கள் வீட்டில் செவ்வாய் விரதம் உண்டு என்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது சாமி படத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டது அது.

பிரஷர் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம். சிஸ்டர் நம்பரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள மாட்டார். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தாரா, கால் தரையில் பட்டிருக்கிறதா, பட்டை ஜாக்கெட் கைக்கு மேலேயா வெறும் தோலிலா, கை நெஞ்சு உயரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு நாள் 168 என்று வந்ததும் நான் பதறிவிட்டேன். “பின்னாடி குக்கர் சத்தம் கேக்குதே, அம்மா அடுப்புல இருந்து இப்பதான் வந்தாங்களா?” என்றார். ஆமாம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் 142. அந்த ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் மாத்திரை கூடியிருக்கும்.

காலில் புண் வந்தபோது போட்டோ அனுப்பச் சொன்னார். எங்கள் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், பகலிலும் டியூப்லைட்தான், அந்த வெளிச்சத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. வாசல்படியில் கால் நீட்டி உட்கார வைத்து, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுக்கச் சொன்னார். போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் காசை வைத்து ஒப்பிடலாம். மூன்றாவது படத்தில் ஓரம் கறுத்திருந்தது. “இதுக்கு மேல போன்ல பாக்க முடியாது, இன்னைக்கே சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லி, ஒரு சீட்டும் எழுதி அனுப்பினார். விரல் தப்பியது. போன் போதாது என்று எப்போது சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சிகிச்சையில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

நர்ஸ் தானாக மருந்தை மாற்ற முடியாது, அது டாக்டர் வேலை. இதற்கு விதியும் உண்டு. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு டெலிமெடிசினுக்கு, அதாவது போன், வீடியோ வழி மருத்துவத்துக்கு, வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சுகாதாரப் பணியாளர் ஒருவர் நடுவில் இருந்து நோயாளியை டாக்டரோடு இணைக்கும் முறையை அது தனியாகவே சொல்கிறது. நர்ஸும் அதில் வருவார். ஆன்லைனில் டாக்டரைப் பார்க்க அரசு நடத்தும் இ-சஞ்சீவனி சேவையிலும் இந்த வழி உண்டு: துணை சுகாதார நிலையத்தில் இருப்பவர் நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டாக்டரை வீடியோவில் கூப்பிடுவார். வெறும் ஆப்பை விட இது எவ்வளவோ மேல் என்பேன், ஏனென்றால் எங்களுக்கு ஆப் அனுபவமும் உண்டு.

நடுவில் சில மாதம் கிளினிக்காரர்கள் எல்லாவற்றையும் ஓர் ஆப்புக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு குரல், அதுவும் இந்தியில். அத்தைக்கு நாற்பது வருட பம்பாய் வாழ்க்கையில் காய்கறி வாங்கும் அளவுக்கு இந்தி வரும். நெஞ்சு படபடப்புக்கும் நெஞ்சு எரிச்சலுக்கும் வித்தியாசம் சொல்லும் அளவுக்கு வராது. ஓடிபி என் கணவர் போனுக்குப் போகும், அவர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். அந்த மாதங்களில் பக்கத்து வீடுகளில் பலர் மாத்திரையையே விட்டுவிட்டார்கள். எல்லோரும் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் பழைய முறை திரும்பியது.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும்போது ஒரு பெண் போனில் என்ன பேச முடியும்? வெள்ளைப்படுதலைப் பற்றியோ, புருஷன் அடித்ததைப் பற்றியோ ஸ்பீக்கரில் சொல்வாளா? சிஸ்டர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். “ஆமா, இல்லை மட்டும் சொன்னா போதும்” என்று கேள்விகளைக் கேட்பார். பதில் சரியில்லை என்று பட்டால், ரத்தம் எடுக்கணும் என்று ஒரு காரணம் சொல்லிக் கிளினிக்குக்கு வரவழைத்துவிடுவார். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். என் நாத்தனார் வீட்டு விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.

இப்போது மாதாந்திர நேர்ப்பார்வையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறைக்கப் போவதாகப் பேச்சு. போனில்தான் எல்லாம் நன்றாக நடக்கிறதே என்கிறார்கள். போனில் நன்றாக நடப்பதே அந்த நேர்ப்பார்வையால்தான். எங்கள் கல்லியில் (சந்தில்) கையெழுத்து வாங்கி மனு எழுதியிருக்கிறோம், திங்கட்கிழமை நேரில் போய்க் கொடுக்கிறோம்.