பாடத் தேர்வு போர்ட்டல் தமிழ்த்துறைக்கும் வந்தது: ஒரு செமஸ்டர் பயன்படுத்திய பின்

எங்கள் பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடங்களை ஆன்லைனில் தேர்வு செய்யும் வசதி மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் கணினி அறிவியல், மேலாண்மை, வணிகவியல் மாணவர்களுக்கு மட்டும்தான் அது இருந்தது. இந்தக் கல்வியாண்டில் தமிழ், வரலாறு, பொருளாதாரம், புவியியல், தாவரவியல் என்று மற்ற துறைகளுக்கும் கொண்டுவந்தார்கள். நான் தமிழ்த்துறையில் உதவிப் பேராசிரியர். எம்.ஏ. மாணவர்களின் பாடப் பதிவு ஒன்பது ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. பழைய முறையை நன்றாகவே தெரியும், புதியதையும் ஒரு முழு செமஸ்டர் கூடவே இருந்து பார்த்துவிட்டேன். வேறு பல்கலைக்கழகங்களிலும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். அங்கே என்னைப் போல நடுவில் நிற்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண். ஐந்துக்கு மூன்று தருவேன். ஒரே ஒரு விஷயத்தை மாற்றினால் நாலரை தரத் தயார். அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

பழைய முறை எப்படி இருந்தது? அரைத்தாள் படிவம் ஒன்று. அதில் மாணவர் தன் பதிவு எண், பாடக் குறியீடு, பாடத்தின் பெயர் எழுத வேண்டும். எங்கள் துறைத் தலைவர் கையெழுத்து, பாடம் நடத்தும் துறையின் தலைவர் கையெழுத்து, அப்புறம் கல்விப் பிரிவு அலுவலகத்தில் முத்திரை. தாவரவியல் துறை வளாகத்தின் மறுகோடியில் இருக்கிறது. வெயிலில் நடந்து போனால் அங்கே தலைவர் கூட்டத்தில் இருப்பார், நாளை வரச் சொல்வார்கள். வரலாற்றுத் துறை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, அன்றைக்கே கையெழுத்து கிடைத்துவிடும். அதனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் வரலாற்றுப் பாடத்தையே எடுத்தார்கள். விருப்பப்பட்டு எடுத்தவர்களும் உண்டு. ஆனால் கீழ்த்தளம் என்பதால் எடுத்தவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும், அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

விருப்பத்தின் அடிப்படையிலான கிரெடிட் முறையை எல்லாப் பல்கலைக்கழகங்களும் கொண்டுவர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி வழிகாட்டுதல் தந்து பத்தாண்டு ஆகிறது. 2015-ல் வந்தது அது. ஒரு மாணவர் தன் துறைக்கு வெளியே போய்ப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். எங்களிடம் அது அரைத்தாள் படிவத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

இன்னொரு தொல்லை நேரம் மோதுவது. மாணவர் எடுத்த பிறதுறைப் பாடமும் எங்கள் தொல்காப்பிய வகுப்பும் ஒரே மணியில் வரும். இது மூன்றாவது வாரம்தான் தெரியும், ஏனென்றால் துறைகளின் கால அட்டவணைகளை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை இரண்டு வார வகுப்பை இழந்திருக்கும். பாடத்தை மாற்றக் கேட்டு மறுபடி ஒரு படிவம்.

சரி, போர்ட்டலுக்கு வருவோம். பதிவு எண்ணைக் கொடுத்தால் கைபேசிக்கு ஓடிபி வரும். உள்ளே போனால் அந்தச் செமஸ்டரில் எல்லாத் துறைகளும் நடத்தும் விருப்பப் பாடங்கள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் கிரெடிட், வகுப்பு நேரம், மொத்த இடம், மீதி இடம். பாடத்தின் பெயரைத் தொட்டால் பாடத்திட்டம் திறக்கிறது. நம் நேரத்தோடு மோதும் பாடங்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும், அவற்றை எடுக்கவே முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே இதை உருவாக்கியவர்களுக்கு மனமார நன்றி சொல்ல வேண்டும். இந்த முறை மூன்றாவது வாரக் கண்ணீர் எதையும் நான் பார்க்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் நடந்தது. எங்கள் துறை சங்க இலக்கியத் தாவரங்கள் பற்றி ஒரு பாடம் நடத்துகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்லும் 99 பூக்களில் தொடங்கி, எந்தப் பெயர் இன்றைக்கு எந்தச் செடிக்கு வழங்குகிறது என்று தேடிப்போகும் பாடம். இத்தனை ஆண்டுகளில் தாவரவியல் மாணவர் ஒருவர்கூட அதில் சேர்ந்ததில்லை. இப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்தச் செமஸ்டர் ஏழு பேர் வந்தார்கள். காந்தள் பற்றிப் பேசும்போது ஒரு மாணவி எழுந்து, அதன் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் நஞ்சைப் பற்றியும், இலை நுனி சுருண்டு பற்றிக்கொண்டு கொடி ஏறுவதைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினாள். எங்கள் பிள்ளைகள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். பாட்டில் மட்டுமே பார்த்திருந்த பூ அன்றைக்கு அவர்களுக்குச் செடியாகத் தெரிந்தது. எல்லாத் துறைகளுக்கும் விரிப்பது ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் இந்த வகுப்பைத்தான் காட்டுவேன்.

இனி குறைகள். மூன்று துறைகளுக்காகச் செய்த சட்டையை எல்லாருக்கும் போட்டுப் பார்த்தால் எங்கெல்லாம் பிடிக்குமோ அங்கெல்லாம் பிடித்தது.

எங்களுக்கு முதலில் பிடித்தது எழுத்துரு. எங்கள் பாடத்தலைப்புகள் தமிழில் இருப்பவை. துறை அலுவலகத்தில் அவை பல ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அப்படியே போர்ட்டலில் ஏற்றியதும், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக வந்து நின்றன. பதிவு தொடங்க நான்கு நாள் இருக்கும்போது பார்த்தோம். நானும் இரண்டு ஆய்வு மாணவர்களும் இரவு வரை உட்கார்ந்து எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடில் திரும்ப அடித்தோம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு தமிழ்த்துறையில் பழைய எழுத்துரு கோப்புகள் கிடப்பது எங்கள் தவறுதான், அதைப் போர்ட்டல் மேல் போட மாட்டேன். ஆனால் ஒரு தலைப்புக்கு நாற்பது எழுத்துதான் என்று வைத்திருந்தார்களே, அது அவர்கள் தவறு. தமிழில் ஒரு உயிர்மெய் எழுத்தைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணும். அதனால் ‘சங்க இலக்கியமும் தாவரவியலும்: ஓர் அறிமுகம்’ என்ற தலைப்பு கடைசி எழுத்து இல்லாமல் அறுந்து நின்றது. தமிழ்த்துறையைச் சேர்க்கும் முன் தமிழில் ஒரு தலைப்பை ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தாவரவியல்காரர்களுக்குப் பிடித்தது செய்முறை வகுப்பு. அவர்களுடைய ஆய்வகம் தொடர்ந்து மூன்று மணி நேரம் போகும். போர்ட்டலோ ஒரு பாடம் என்றால் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. முதல் மணியை மட்டும் பார்த்து மோதல் இல்லை என்று அனுமதித்துவிட்டது. இதைக் கையாலேயே சரிசெய்தார்கள். புவியியல் துறையின் களப்பயணத்துக்கும் இதே கதை.

பெயர் விஷயமும் உண்டு. நம் ஊரில் முன்னெழுத்து ஒரு சான்றிதழில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். மாணவர் பெறும் கிரெடிட்களை வரவு வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கோடு, அதாவது 2021-ல் தொடங்கிய அந்த ஏபிசி எண்ணோடு, பெயர் பொருந்தவில்லை என்று ஒன்பது பேரை உள்ளேயே விடவில்லை. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் பாடங்களுக்குத் தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40% வரை அதில் எடுக்க யூஜிசி அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தினால் படிவத்தைத் தரவிறக்கி, கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கொடுக்கச் சொல்கிறது!

சேமி, சமர்ப்பி என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, இரண்டும் ஆங்கிலத்தில், ஒரே நிறத்தில். சேமித்துவிட்டுப் பதிவு முடிந்தது என்று வெளியே வந்தவர்கள் எங்கள் துறையில் மட்டும் ஆறு பேர். அவர்கள் கேட்ட இடங்கள் வேறு யாருக்கோ போய்விட்டன.

இதெல்லாம் முதல் ஆண்டுத் தடுமாற்றம், சரியாகிவிடும். எனக்கு மனம் ஆறாதது வேறு. முந்தி வந்தவருக்கே இடம் என்ற விதி.

பதிவு ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் திறந்தது. புவியியல் துறையின் ஜிஐஎஸ் பாடத்துக்கு, அதாவது கணினியில் வரைபடத் தகவல்களை ஆராயும் பாடத்துக்கு, முப்பது இடம். 10.07-க்கு நான் பார்க்கும்போது மீதி இடம் பூஜ்யம். விடுதியில் வைஃபை இருப்பவர்களும், 9.55-க்கே மடிக்கணினியோடு தயாராக உட்கார்ந்தவர்களும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எங்கள் துறையில் பாதிக்கு மேல் ஊரிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் பேருந்தில் நின்றுகொண்டு வருவார்கள். வழியில் இரண்டு இடத்தில் சிக்னல் கிடையாது. ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் காலம் முடிந்துவிடும்.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். கண்மாய்களைப் பற்றிய கல்வெட்டுகளை வைத்து ஆய்வு செய்ய வேண்டும் என்று முதல் செமஸ்டரிலேயே என்னிடம் வந்தவள். கல்வெட்டு சொல்லும் கண்மாய் இன்றைக்கு வரைபடத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஜிஐஎஸ் வேண்டும். அந்த முப்பது பேரில் அவளைவிட அந்தப் பாடம் தேவைப்பட்டவர் இருந்திருக்க மாட்டார். இரண்டு பேருந்து மாறி அவள் 10.25-க்கு வந்து இறங்கினாள். மீதி இருந்த பாடத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். என்னிடம் புகார்கூடச் சொல்லவில்லை, நானாகக் கேட்டபோதுதான் சொன்னாள். பழைய படிவ முறையில் அவள் வெயிலில் நடந்திருப்பாள், ஆனால் அந்தத் துறைத் தலைவர் முன் நின்று தனக்கு ஏன் வேண்டும் என்று இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள். போர்ட்டலில் அதற்கு இடமில்லை.

இத்தனைக்கும் இதற்கு மாற்றுவழி தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்காக 2009-ல் அப்பாவும் நாங்களும் இரவுப் பேருந்தில் கிண்டிக்குப் போனோம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், திரையில் காலி இடங்கள் ஓடுவதைப் பார்த்தபடி முறைக்காகக் காத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2018-ல் அந்தக் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியபோது, முந்துகிறவருக்கு இடம் என்று வைக்கவில்லை. விருப்பப் பட்டியலை நிரப்பச் சில நாள் அவகாசம் தருகிறார்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தி வைத்துவிட்டால் போதும். முதல் நாள் காலையில் நிரப்பினாலும் கடைசி நாள் இரவில் நிரப்பினாலும் ஒன்றுதான். தரவரிசைப்படி கணினி இடம் ஒதுக்கும். தற்காலிக ஒதுக்கீட்டைப் பார்த்து மாணவர் உறுதி செய்வார். எல்லா அளவுகோலிலும் சமமாக வருபவர்களைப் பிரிக்க ஆளுக்கொரு ரேண்டம் எண்ணும் தருகிறார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது நடக்கிறது, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நடக்காதா?

பொருளாதாரத் துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியில் முன்பு மாணவர்கள் புள்ளிகளை வைத்துப் பாடங்களை ஏலம் கேட்டார்கள் என்றார். 2013-ல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு பாடமும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று மாணவர் சொல்ல, எல்லாருடைய விருப்பத்தையும் சேர்த்துக் கணினியே பங்கிடும் முறைக்குப் போனார்களாம். நாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று நாள் அவகாசம், ஐந்து விருப்பங்கள், இறுதியாண்டு மாணவர்களுக்கு முதல் சுற்று, மற்றவர்களுக்குக் குலுக்கல் எண். அதோடு ஆளுக்கு ஒரே ஒரு பாடத்துக்கு, ஏன் வேண்டும் என்று நாலு வரி எழுத ஒரு கட்டம். அதைப் படித்து, முப்பதில் மூன்று இடத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியரே தரலாம். இதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு மாற்றம். எழுத்து மூலம் கல்விப் பிரிவுக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே இந்தப் போர்ட்டலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் பொறுமையாக வாசித்தார். பதிவு நடந்த அந்த ஒரு வாரம், பெயர் பொருந்தாத ஒன்பது பேருக்கும் உணவு இடைவேளையை விட்டுவிட்டு ஒவ்வொருவராகத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான். இந்தச் சேவைக்கு நான் தரும் மூன்று மதிப்பெண்ணில் ஒன்று அவருக்கு.

அடுத்த முறை சேரப்போகும் துறைகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். பாடத்தலைப்புகளை ஒரு மாதம் முன்பே யூனிகோடில் அடித்து, போர்ட்டலில் எப்படித் தெரிகிறது என்று கைபேசியில் பாருங்கள். மாணவர்களின் பெயரையும் ஏபிசி எண்ணையும் வகுப்பிலேயே உட்காரவைத்துச் சரிபாருங்கள். சமர்ப்பித்தபின் வரும் ஒப்புகைப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வகுப்புக் குழுவில் போடச் சொல்லுங்கள், சேமித்துவிட்டு வந்தவர்கள் உடனே தெரிந்துவிடுவார்கள். விதி மாறும்வரை, பதிவு நாளன்று துறையின் கணினி அறையை 8 மணிக்கே திறந்து வையுங்கள், முதல் பேருந்தில் வர முடிந்தவர்கள் வரட்டும்.

அப்புறம், பதிவு முடிந்த பிறகு வரும் திருத்த வாரத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். காத்திருப்போர் பட்டியல் இந்தப் போர்ட்டலில் கிடையாது, யாராவது விலகினால் அந்த இடம் சத்தமில்லாமல் திறக்கும். அந்த மாணவி நான்கு நாள் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் இரவு எட்டரைக்கு ஒரு இடம் திறந்தது. வீட்டு மாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் நின்று பதிவு செய்துவிட்டு, எனக்கு ஒப்புகைப் பக்கத்தை அனுப்பினாள்.