தாடை வலி என்று போனேன், நான்கு நல்ல பற்களைச் செதுக்கிவிட்டார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் எழுந்ததும் தாடை இறுகிக் கிடக்கிறது, காதுக்கு முன்னால் வலிக்கிறது, கொட்டாவி விட்டால் டக்கென்று சத்தம் கேட்கிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

நான் கணக்கு டீச்சர். போன வருஷம் ஏப்ரலில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் இது தொடங்கியது. முதலில் காது வலி என்றே நினைத்தேன். காது மூக்கு தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு, பல் டாக்டரைப் பாருங்க" என்றார். ராத்திரியில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். மாமியார் வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டிப் பூச்சி மாத்திரை வாங்கிவரச் சொன்னார். சத்தியமாகப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் செலவு பத்து ரூபாயோடு போயிற்று. அடுத்து வந்த வைத்தியத்தை நினைத்தால் மாமியார் எவ்வளவோ தேவலை.

எங்கள் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக். பெயர் சொல்லவில்லை, கேட்காதீர்கள். ஓபிஜி என்று தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே எடுத்து, அதைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார்கள். அப்புறம் ஒரு சிவப்புத் தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, பல்லில் ஒட்டிய சிவப்புப் புள்ளிகளைக் கண்ணாடியில் காட்டினார் டாக்டர். "பாருங்க மேடம், இங்க அழுத்தமா இருக்கு, இங்க மார்க்கே இல்லை. உங்க பைட்டே தப்பு. அதான் ஜாயின்ட் தேயுது." (பைட் என்றால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்துகிற விதம், ஜாயின்ட் என்றால் தாடை மூட்டு.) எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தாளை யார் வாயில் வைத்துக் கடித்தாலும் புள்ளிகள் ஒரே சீராக விழாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு டாக்டர் எழுந்து போய்விட, கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கடைவாய்ப் பற்களில் 14-க்கு கேப் (பல்லைச் செதுக்கி மேலே மாட்டும் உறை) போட்டு பைட்டை உயர்த்த வேண்டுமாம். 2,40,000 ரூபாய். சனிக்கிழமைக்குள் புக் செய்தால் 1,95,000. அங்கேயே இஎம்ஐ. டேப்லெட்டை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், ஆங்கிலத்தில் நான்கைந்து பக்கம். பையன்கள் கேள்வித்தாளைச் சரியாகப் படிக்கவில்லை என்று தினமும் திட்டுகிறவள் நான். ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டேன்.

முதல் நாளே கீழ்க் கடைவாயில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பற்களைச் செதுக்கினார்கள். மரப்பு ஊசி போட்டிருந்ததால் வலிக்கவில்லை. ஆனால் அந்தக் கருகல் வாடை, தொண்டைக்குள் இறங்கும் தண்ணீரும் பல்தூளும் இன்னும் நினைவில் இருக்கின்றன. முடித்ததும் நாக்கால் தடவிப் பார்த்தேன். பல் இருந்த இடத்தில் சின்ன ஆப்புபோல ஒன்று நின்றது. சொத்தையே இல்லாத பற்கள் அவை. கேப்புக்காக மேலே மட்டும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரை எடுப்பார்கள், சுற்றிலும் வேறு குறைப்பார்கள். எனாமல் திரும்ப வளராது.

தற்காலிக கேப் போட்டு அனுப்பினார்கள். அது உயரமாக இருந்தது. பத்து நாளில் தலைவலி இரட்டிப்பானது, வாயைத் திறந்தால் இட்லித் துண்டு போவதே சிரமம். ஒரு பல்லில் தண்ணீர் பட்டாலே சுரீரென்றது. "செட் ஆக டைம் எடுக்கும் மேடம்" என்றார்கள், பிறகு அந்தப் பல்லுக்கு ரூட் கேனல் செய்தார்கள். அதற்குத் தனியாக 6,500.

சக டீச்சர் ஒருவர் வற்புறுத்தி, சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். காலை எட்டு மணிக்கு ஓபி சீட்டு வரிசை, நிற்கவே இடமில்லை. ஆனால் உள்ளே போனதும் ஒரு பிஜி (மேல்படிப்பு படிக்கும்) டாக்டர், என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண், அரைமணி நேரம் என்னை விடவில்லை. எக்ஸ்ரேவைப் பார்ப்பதற்கு முன்னால் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினாள். உயிர் போயிற்று. "இதுதாம்மா உங்க வலி. மூட்டு இல்லை, தசை." நெற்றிப்பொட்டிலும் அப்படியே. சின்ன ஸ்கேலை வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தாள். 31 மில்லிமீட்டர். 40 ஆவது இருக்க வேண்டுமாம். குறட்டை உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்றெல்லாம் கேட்டாள். அந்த வகை மாத்திரைகள் சிலவற்றால் பல் கடிப்பு வருமாம். (சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.)

வலியில்லாமல் டக்டக் என்று சத்தம் மட்டும் வந்தால் அதற்கு வைத்தியமே தேவையில்லை என்றாள். எக்ஸ்ரேவில் எலும்புதான் தெரியும், மூட்டுக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் தெரியாது. டிவியில் என்னத்தைக் காட்டினார்களோ!

வைத்தியம் என்று கொடுத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். உயரமாக இருந்த கேப்புகளை இறக்கிச் சரிசெய்தார்கள். ஒரு வாரத்துக்கு வலி மாத்திரை. தினமும் இரண்டு வேளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் ஒத்தடம். தட்டை, முறுக்கு, சூயிங்கம் கூடாது. கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையை முட்டுக்கொடுக்க வேண்டும். பகலில் உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக்கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பேப்பர் திருத்தும்போது கவனித்தேன், சிவப்புப் பேனா எடுத்த நிமிஷத்திலிருந்து பல்லை இறுகக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்! இப்போது மேஜையில் "பல்" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்திவிடுவேன்.

ராத்திரிக்கு அளவெடுத்துச் செய்த நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் காப்பு), கெட்டியான அக்ரிலிக்கில், ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடுகிற மாதிரி. முன்பற்களுக்கு மட்டும் மாட்டுகிற சின்னதை வாங்காதீர்கள், நாளாக ஆகப் பைட்டே மாறிவிடும் என்று எச்சரித்தாள். இது பல் கடிப்பதை நிறுத்தாது, தேய்மானத்தைத் தடுக்கும், அவ்வளவுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தனியாரில் செய்திருந்தாலும் சில ஆயிரங்களில் முடிந்திருக்கும். இரண்டு மாதத்தில் வாய் 41 மில்லிமீட்டர் திறந்தது. வலி எப்போதாவது எட்டிப்பார்க்கிறது, குறிப்பாகப் பரீட்சை சமயத்தில்.

கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற வைத்தியத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. பல்லையும் பைட்டையும் நிரந்தரமாக மாற்றுகிற சிகிச்சையைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனமே மக்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கிளினிக் டாக்டருக்கு இது தெரியாமல் இருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. உண்மையிலேயே கேப் தேவைப்படுகிற வாய்களும் உண்டு, பாதிப் பல் தேய்ந்துபோனவர்கள். நான் அந்த ரகம் இல்லை. பணம் கட்டும் முன் இன்னொரு பல் டாக்டரிடம் காட்டியிருந்தால் போதும், ஓபி சீட்டுக்கு நின்ற இரண்டு மணி நேரத்தை முதலிலேயே நின்றிருப்பேன்.

பணத்தைக் கேட்டேன். பேக்கேஜ், திருப்பித் தர முடியாது என்றார்கள். இஎம்ஐ மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வைத்தியத்துக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில், எக்ஸ்ரே, செதுக்குவதற்கு முன் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் சண்டை போட்ட பிறகு கேட்டேன், எக்ஸ்ரே "சிஸ்டத்தில் இல்லை" என்கிறார்கள்.

மனு பாதி எழுதியாகிவிட்டது. நேற்றுகூடக் கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்தது: மேடம், மீதிப் பத்துப் பல்லுக்கு எப்போ வர்றீங்க? அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறேன்.