85,000 ரூபாயும் ஆறிப்போன ஆட்டுத்தொடையும்: திருமலையில் பார்பிகியூ ஓடர் கொடுக்கிறவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். சனிக்கிழமை இரவு 85,000 ரூபாய் கரியாய்ப் போனது. ஆளின் பெயரைப் போடவில்லை. முகநூலில் பக்கம் வைத்து, வீட்டுக்கே வந்து தணலில் சுட்டுத் தருகிறோம் என்று ஓடர் எடுக்கிற ஒருவர், அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வந்திருந்தது. திருகோணமலை உப்புவெளியிலுள்ள வீட்டு முற்றத்தில் 60 பேருக்கு இரவுச் சாப்பாடு. பேச வந்த அன்று அந்த ஆள் சுட்ட ஆட்டிறைச்சித் துண்டொன்றைக் கொண்டுவந்து எங்கள் முன்னாலேயே வெட்டிக் காட்டினார். பலகையில் ஒரு சொட்டுச் சாறு ஓடவில்லை. "அடுப்பால எடுத்த உடன வெட்டினா சாறெல்லாம் போயிரும் அண்ணா. தொடைக்கு 20 நிமிஷமாவது ரெஸ்ட் குடுக்கோணும். கோழிக்கு 10 காணும், அதையும் இறுக்கி மூடினா தோல் ஊறிப்போகும்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, "சனம் வரப் பிந்தினாலும் 60 பாகைக்குக் கீழ இறங்க விடமாட்டன்" என்று வேறு சொன்னார். சொன்னது எல்லாமே சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. தொழில் தெரியாத ஆளில்லை, நன்றாகத் தெரிந்த ஆள். அன்று பின்னேரமே 50,000 ரூபாயை அவர் கணக்குக்குப் போட்டேன்.

ஐந்து மணிக்கு வந்து அடுப்பு மூட்டுவதாகப் பேச்சு. வான் வந்தது ஏழேகாலுக்கு. அடுப்பு இல்லை, கரி இல்லை. ரெஜிபோம் பெட்டிகள்தான் இருந்தன. "சுட்டு ரெஸ்ட்ல வச்சிருக்கிறம் அண்ணா, மிச்சத்தைப் போட்டீங்களெண்டா பெடியள் இறக்குவாங்கள்." விருந்தாட்கள் கதிரையில் இருக்கிறார்கள். 35,000 ரூபாயையும் போட்டேன். மொத்தம் 85,000.

மூடியைத் திறந்தால் ஆவி இல்லை. பொலித்தீன் பைக்குள் கோழி, அடியில் மங்கலான தண்ணீர், தோல் தொட்ட இடத்தில் வழுவழுவென்று கழன்று வந்தது. பெட்டிக்குள் ஒரு துவாய்கூட இல்லை. அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஆளின் தெர்மாமீட்டரையே வாங்கித் தொடைக்குள் குத்தினாள். 38 பாகை. கச்சான் காற்றடிக்கிற இந்த மாதத்தில் எங்கள் முற்றமே கிட்டத்தட்ட அந்தச் சூடுதான்!

"ரெஸ்ட்ல சூடு இறங்கத்தானே செய்யும்" என்றார். எப்போது சுட்டது என்று வான் பெடியனைத் தனியாகக் கேட்டோம். மத்தியானம், வேறொரு ஓடரோடு சேர்த்து. "தணல்ல ஒருக்காக் காட்டித் தாறன்" என்று ஆள் சமாளிக்க, மருமகள் விடவில்லை. இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்த இறைச்சியில் சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது என்று சொல்லிப் பெட்டிகளை மூடினாள். அவ்வளவு பேருக்கும் கொத்து வாங்கி வந்தோம். அந்தக் காசு வேறு.

அடுத்த நாள் காசைத் திருப்பிக் கேட்டுக் கோல் எடுத்தால், "கணக்குப் பாக்கிற அக்கா திங்கள்தான் வருவா." திங்கள் எடுத்தால், "நீங்கள் சாப்பாட்டை எடுத்திட்டீங்கள்தானே." பிறகு, அடுத்த ஓடருக்கு 10 வீதம் கழிவு தருவாராம்! அடுத்த ஓடராம். பக்கத்தில் நான் போட்ட கருத்தை அழித்தார்கள், இப்போது பக்கமே எனக்குத் தெரியவில்லை. 85,000 ரூபாய்க்கு ஒரு பில்கூட என்னிடம் இல்லை, வங்கிச் சிட்டை மட்டும்தான்.

இறைச்சியை எப்படிச் சூடாக வைப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டிக்குள் முதலில் கொதிதண்ணி ஊற்றிச் சூடாக்கி, அந்தத் தண்ணியை வெளியே கொட்டிவிட்டு, பெரிய துண்டை அலுமினியத் தாளில் சுற்றித் துவாயால் பொதிந்து வைத்தால் இரண்டு மணிநேரமாவது நல்ல சூடு நிற்கும். கோழியை இப்படி வைக்க விடாதீர்கள், முன்னால் சுடச் சொல்லுங்கள். நடு இறைச்சி 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், குத்திப் பார்த்துவிட்டு மிச்சக் காசு. 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணிநேரத்துக்கு மேல் சூடில்லாமல் கிடந்ததைத் தொடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். எங்கே, எத்தனை மணிக்குச் சுடுவது என்று எழுத்தில் வாங்குங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லிவிட்டேன், நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கப் போகிறேன்.

ஆவணி வரை நிலாவெளிப் பக்கம் விருந்துகள் நிறைய இருக்கும், ஆள் இன்னும் ஓடர் எடுக்கிறார். யாரென்று தெரிய வேண்டியவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள், சிட்டையும் 38 காட்டுகிற படமும் இருக்கிறது.